தார்ப்பாய் கட்டிய கம்ப்யூட்டர்

மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரு போட் டிரைவரை வீட்டில் வைத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது நெட்டுக்குப்பம் மங்கை அக்காவுக்குத்தான் தெரியும். முழுசாக நாற்பத்தைந்து நாள். அவள் கணவர் எத்திராஜ் அண்ணன் காசிமேட்டு விசைப்படகில் எட்டுப் பேரை அதட்டி வேலை வாங்குகிறவர். 2006இல் அதட்ட ஆளில்லாமல், மகள் அம்மு பெங்களூர் வேலைக்குப் போனதும் சும்மா கிடந்த கம்ப்யூட்டரில் கார் ரேஸ் ஓட்ட உட்கார்ந்தார்.

நான் அப்போது திருவொற்றியூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தேன். ஒரு நாள் கடை திறக்கும் முன்பே அண்ணன் வாசலில் நின்றார்.

"தம்பி, பிராசஸரு மாத்தணும். காரு நல்லா போய்க்கினு கீது, பாதியில சேத்துல மாட்ன கணக்கா நின்னுடுது."

"அது மட்டும் மாத்த முடியாதுண்ணே. புதுசு பழைய போர்டுல உக்காராது. மதர்போர்டும் சேத்து மாத்தணும்."

இந்த இடத்தில் எல்லோரும் முகம் சுளிப்பார்கள். அண்ணன் சுளிக்கவில்லை. "கரீட்டு. பெரிய என்ஜின் எறக்குனா அது உக்கார்ற கட்டையையும் மாத்தணும், இல்லாங்காட்டி போட்டே ஆடிப்பூடும்" என்று எனக்கே விளக்கினார். எனக்கு வாயெல்லாம் பல்.

"அவ்ளோ அவசரமாண்ணே?"

குரலைத் தாழ்த்தினார். "ஆட்டம் முடிஞ்சா அஞ்சு பேரு லிஸ்ட்டு வருது இல்ல, மேல நாலும் உங்க அக்கா பேரு. நான் அஞ்சாவதா கீறேன். முப்பதாந்தேதி போட் எறங்குது. அதுக்குள்ள நான் மொத எடத்துக்கு வரணும். நடுக்கடல்ல வழி பாத்து வர்றவன் நானு. அவளுக்கு சைக்கிளு கூட ஓட்டத் தெரியாது."

இரண்டு பேரும் ஓட்டுவது ஒரே கம்ப்யூட்டர்தானே என்று நான் கேட்டிருக்க வேண்டும். வியாபார ஆசை, கேட்கவில்லை.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனால் கம்ப்யூட்டர் பெட்டியையே காணோம். மேசையடியில் நீலத் தார்ப்பாய் சுற்றி, நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டிய ஒரு மூட்டை இருந்தது. பெட்டி அதற்குள்.

"உப்புக்காத்து ஒரு பக்கம், பவர் ஹவுஸ் சாம்பலு ஒரு பக்கம். கட்டலேன்னா துருப் புடிச்சுப் பூடாதா? போட் என்ஜினையே இப்டித்தான் மூடி வைப்போம்" என்றார் பெருமையாக.

போட் என்ஜினை ஓடாதபோது மூடுவார்கள். அண்ணன் இதை ஓடும்போதும் மூடியிருந்தார். அவிழ்த்து உள்ளே கை வைத்தேன், இட்லிக் குண்டான் மாதிரி கொதித்தது. சூடு ஏறினால் பிராசஸர் கருகிப்போகாமல் இருக்கத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

"எதையும் மாத்த வேணாம்ண்ணே. கட்டாம ஓட்டுனா போதும்" என்று சொன்னபோது எனக்கு நிஜமாகவே வயிறு எரிந்தது.

பின்பக்கம் இறால் உரித்துக்கொண்டிருந்த அக்கா தலையைத் தூக்கவில்லை. "நான் எப்பவும் அவுத்துட்டுத்தான் ஓட்டுவேன். அதுக்கு சூடு தாங்கலன்னு அன்னிக்கே சொன்னேன். யாரு கேட்டா?" என்றாள். அண்ணன் காசிமேட்டில் படகுக்குப் பெயின்ட் அடிக்கப் போன நேரத்தில் ஆடிவிட்டு, அவர் போட்ட முடிச்சையே திரும்பப் போட்டு வைத்துவிடுவாளாம்.

பெட்டியை அவிழ்த்தும் அண்ணன் ஜெயிக்கவில்லை. மூன்று நாள் சோறு தண்ணி இல்லாமல் ஓட்டியும் ஒரு நிமிடம் நாற்பத்தாறு விநாடிக்குக் கீழே வரவில்லை. அக்காவுடையது ஒன்று முப்பத்தொன்பது. "எதுக்கும் அந்த போர்டு வெல இன்னான்னு கேட்டு வை" என்று என்னிடம் சொல்லிவிட்டு மே முப்பதாம் தேதி கடலுக்குப் போனார். முகம் வாடித்தான் இருந்தது. பாவமாக இருந்தது எனக்கு.

பத்து நாள் கழித்துக் கரைக்கு வந்ததும் என்னைக் கையோடு வீட்டுக்கு அழைத்துப் போனார். திரையில் அதே லிஸ்ட். முதல் இடத்தில் எத்திராஜ், ஒரு நிமிடம் முப்பத்தெட்டு விநாடி.

"பாத்தியா. கெளம்புற அன்னிக்கு கடசியா ஓட்னது, அவசரத்துல லிஸ்ட்டு பாக்கல. மெஷினு இப்பத்தான் செட் ஆயிகீது. போர்டெல்லாம் வேணாம் தம்பி."

பெயருக்குப் பக்கத்தில் தேதியும் இருந்தது. ஜூன் நான்கு. அன்றைக்கு அண்ணன் நடுக்கடலில் இருந்தார்.

அக்கா குனிந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அண்ணனும் அந்தத் தேதியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "மங்க, தம்பிக்கு டீ போடு" என்றவர், அவள் எழுவதற்குள், "இரு, கையெல்லாம் மீனு, நானே போட்றேன்" என்று அடுப்படிக்குப் போனார்.

மூன்று டம்ளர் எடுத்து வந்தார். முதல் டம்ளரை அக்காவிடம் நீட்டினார்.