கேன்டீனில் ஓடிய போர்ப் படத்தை வசந்திக்கா நிறுத்தினார்

நேற்று எங்கள் ஆபீஸ் கேன்டீனில் ஒரு படம் பாதியில் நின்றது.

கரன்ட் போகவில்லை. (போனாலும் ஆச்சரியமில்லை, பெங்களூர்தானே!) ஒருவர் எழுந்து போய் நிறுத்தினார்.

எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் கம்பெனி ஹெப்பகோடியில் இருக்கிறது. குடியரசு தினத்தை ஒட்டி ஹெச்.ஆர். ஆட்கள் ஒரு ஹிந்திப் போர்ப் படம் போட ஏற்பாடு செய்தார்கள். சாப்பாட்டு மேஜைகளை ஓரம் தள்ளி, சுவரில் திரை கட்டி, புரொஜெக்டர் வைத்திருந்தார்கள். சமோசாவும் காபியும் இலவசம். (கூட்டம் சேர்ந்ததற்கு தேசபக்தி மட்டும் காரணம் இல்லை.)

படத்துக்கு முன்னால் அக்கவுண்ட்ஸில் வேலை பார்க்கும் வசந்திக்காவை முன்னே அழைத்துச் சால்வை போட்டார்கள். அவருடைய கணவர் ராணுவத்தில் இருந்தவர், எல்லையில் மலைமேல் நடந்த சண்டையில் இறந்துபோனவர். பலருக்கு அப்போதுதான் அது தெரிந்தது.

எனக்கு முன்பே தெரியும். அவர் ஸ்ரீராம்புரம், நான் மல்லேஸ்வரம். இருவருக்கும் ஒரே கம்பெனி பஸ். சொந்த ஊரான குடியாத்தத்தைப் பற்றிப் பேசுவார், மகளின் படிப்பைப் பற்றிப் பேசுவார். கணவரைப் பற்றி மட்டும், சண்டையில் இறந்தார் என்பதற்கு மேல் பேச மாட்டார்.

சால்வையைக் கழற்றாமலே முதல் வரிசையில் உட்கார்ந்து படம் பார்த்தார். நான் பக்கத்து நாற்காலியில்.

பனிமலை. நம் வீரர்கள் ஒரு பங்கரைப் பிடிக்கிறார்கள். உள்ளே எதிரிச் சிப்பாய் ஒருவன் உயிரோடு இருக்கிறான். மீசைகூட சரியாக முளைக்காத முகம். கையைத் தூக்கி ஏதோ சொல்கிறான். கதாநாயகனின் நண்பன் முந்தைய காட்சியில்தான் செத்திருக்கிறான். கதாநாயகன் துப்பாக்கியைத் தூக்குகிறான்.

கேன்டீனே எழுந்து நின்றது. "போடு, போடு" என்று நாலு பாஷையில் கத்தல். டெஸ்டிங் டீம் கார்த்திக் நாற்காலிமேல் ஏறி விசிலடித்தான்.

துப்பாக்கி வெடித்தது. கைதட்டல்.

வசந்திக்கா எழுந்து நேராகப் போய் பிளேயரை நிறுத்தினார். திரை நீலமானது. ஏதோ கோளாறு என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தோம். அவர் எங்கள் பக்கம் திரும்பினார்.

"எதுக்கு விசிலடிச்சீங்க? அவந்தான் கையத் தூக்கிட்டானே."

மேனேஜர் அவர் அருகே போய், இது வெறும் சினிமாதானே மேடம் என்று மெதுவாகச் சமாதானம் சொன்னார். கார்த்திக்குக்கோ கோபம். நாற்காலியிலிருந்து இறங்கியவன், அவங்க நம்ம ஆளுங்கள என்ன பண்ணாங்கன்னு தெரியுமா என்று கேட்டுவிட்டான். யாரிடம் கேட்கிறோம் என்பது வாயைவிட்டு வந்த பிறகுதான் அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். முகம் செத்துப்போனது.

"தெரியும் தம்பி," என்றார் வசந்திக்கா. "எனக்கு நல்லாவே தெரியும்."

பிறகு அவர் சொன்னதை என்னால் முடிந்தவரை அப்படியே சொல்கிறேன்.

சண்டையில் அவர் கணவரின் பிரிவு ஒரு மேட்டைப் பிடித்தது. எதிரிகள் சிலர் அங்கே செத்துக் கிடந்தார்கள். அந்த உடல்களைக் கேட்டு யாரும் வரவில்லை. கிடக்கட்டும் என்றார்கள் கூட இருந்தவர்கள். முந்தின நாள்தான் சொந்த ஆட்களை இழந்திருந்தார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. இவர் மட்டும் அதிகாரியிடம் அனுமதி கேட்டுவிட்டுக் குழி வெட்டப் போயிருக்கிறார். எவனுக்கடா குழி வெட்டுகிறாய் என்று உயிர் நண்பனே சட்டையைப் பிடித்தானாம். இவர் பதில் பேசாமல் வெட்டியிருக்கிறார். கம்பளி போர்த்திப் புதைத்திருக்கிறார். அதற்கடுத்த சண்டையில் இவரும் போய்விட்டார்.

"சட்டையப் புடிச்சவருதான் வீட்டுக்கு வந்து இதெல்லாம் சொன்னாரு. சொல்லிட்டு, என் கால்ல விழுந்து அழுதாரு."



ஹெச்.ஆர். பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. படம் வேண்டாம், எல்லோரும் கிளம்பலாம் என்று மைக்கை எடுத்தாள். வசந்திக்கா தடுத்தார். தன்னால் படம் நின்றுபோனதாக இருக்க வேண்டாம், மீதியைப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

மறுபடி போட்டபோது படம் அந்தப் பங்கர் காட்சியின் தொடக்கத்துக்கே போய்விட்டது.

இந்த முறை யாரும் கத்தவில்லை. அந்தச் சிப்பாய் கையைத் தூக்கிக்கொண்டு என்ன சொல்கிறான் என்பது காதில் விழுந்தது. குளிருது, குளிருது என்கிறான். அவ்வளவுதான் அவன் வசனம்.

துப்பாக்கி வெடித்தது. என் உடம்பு தூக்கிப் போட்டது.

அதற்குப் பிறகு வரும் காட்சியைத்தான் நாங்கள் பார்த்திருக்கவே இல்லை. கதாநாயகன் சுவரோரம் போய் வாந்தி எடுக்கிறான். திரும்பி வந்து, தன் கோட்டைக் கழற்றி அந்த உடலின்மேல் போர்த்துகிறான். போர்த்திய பிறகும் கையை எடுக்க முடியாமல் உட்கார்ந்தே இருக்கிறான். பின்னணி இசை கிடையாது. காற்றுச் சத்தம் மட்டும்.

விசிலடிப்பதற்காக எடுத்த காட்சியே இல்லை அது!

வசந்திக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பஸ்ஸில் வரும்போது சொன்னார்.

"படத்த நான் தப்பா நெனச்சிட்டேன். எடுத்தவனுக்குத் தெரிஞ்சிருக்கு."

இன்று காலை கார்த்திக் அக்கவுண்ட்ஸ் பக்கம் வந்தான். மன்னிப்புக் கேட்பான் என்று நினைத்தேன். தயங்கித் தயங்கி நின்றுவிட்டு, வேறு ஒன்றைக் கேட்டான்.

"சார் பேரு என்ன மேடம்?"

இத்தனை வருடத்தில் இந்த ஆபீஸில் யாருமே தன்னிடம் இதைக் கேட்டதில்லை என்றார் வசந்திக்கா.

அவர் பெயர் ஏழுமலை. இங்கேயும் எழுதி வைக்கிறேன்.