பாதியில் மூடிய புத்தகம்

தென்காசியில் ஒரு பள்ளிக்கூட விழாவுக்குத் தேதி குறிக்க வேண்டுமென்றால் காலண்டரைப் பார்க்க மாட்டார்கள். குற்றாலத்தில் இருக்கிற யாருக்காவது போன் போட்டு, "தண்ணி விழுதா?" என்று கேட்பார்கள். அருவியில் தண்ணீர் விழுந்தால்தான் வெளியூர்ப் பெரிய மனிதர்கள் வருவார்கள். மேடையில் பேசுவது அவர்களுக்குப் போகிற வழியில் ஒரு வேலை, அவ்வளவுதான். மரம் நடுவதும் சீசனில்தான், அறிவியல் கண்காட்சியும் சீசனில்தான். சீசன் முடிந்துவிட்டால் இந்த ஊர் விழாக்களுக்குத் தலைமை தாங்க ஆள் தேட வேண்டும்.

பதினோரு வருடமாக இங்கே ஒரு தனியார் பள்ளியில் நூலகராக இருக்கிறேன். இந்த வழக்கத்தைச் சொல்லிச் சொல்லி நானே சிரித்திருக்கிறேன். என் தலையில் விடிகிற வரைக்கும் அது சிரிப்பாகத்தான் இருந்தது.

எங்கள் நூலகம் மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒரு நீள அறை. சாரல் அடிக்கிற நாட்களில் ஜன்னலோரத்து அலமாரிப் புத்தகங்கள் நமத்துப்போன அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் ஒன்பதாம் வகுப்புக்கு நூலக வகுப்பு. ஆரம்பத்தில் பிள்ளைகள் தூங்க வருவார்கள். படித்த புத்தகத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். பின்னட்டையில் இருப்பதை அப்படியே காப்பியடித்துக் கொடுத்தார்கள். அதுவும் எழுத்துப் பிழையோடு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எழுதச் சொன்ன என்னைத்தான் சொல்ல வேண்டும்.

பிறகுதான் இரண்டு விளையாட்டுகள் கண்டுபிடித்தேன். ஒன்றுக்குப் பிள்ளைகளே நிறுத்தாட்டம் என்று பேர் வைத்தார்கள். ஒருவர் எழுந்து நின்று ஒரு கதையை ஐந்து நிமிடம் வாசிக்க வேண்டும். நெஞ்சு படபடக்கிற இடம் வந்ததும் பட்டென்று புத்தகத்தை மூடிவிட வேண்டும். மூடிய பிறகு ஒரு வார்த்தை பேசக்கூடாது. யார் என்ன கேட்டாலும், கெஞ்சினாலும், வாயைத் திறக்கக்கூடாது. வகுப்பே "ஏலே!" என்று கத்தினால் வாசித்தவருக்கு ஜெயம். அதன்பிறகு அந்தப் புத்தகத்துக்குச் சீட்டுக் குலுக்குவோம்.

இன்னொன்று பொட்டலம். புத்தகத்தைப் பழைய செய்தித்தாளில் சுற்றி, மேலே மூன்று குறிப்பு எழுத வேண்டும். முடிவை மட்டும் சொல்லக்கூடாது. பொட்டலத்தை எடுத்தவர் பத்துப் பக்கமாவது வாசித்த பிறகுதான் திருப்பித் தரலாம். பையன்கள் இதற்காக ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு விழுந்ததை நான் கண்ணால் பார்த்தேன். சட்டைப் பொத்தான் தெறித்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்குச் சிரிப்பு.

அந்தப் பொட்டலங்களில் பிள்ளைகள் முதலில் தேடியது ஒரு பெண்ணின் கையெழுத்தை. ஒன்பதாம் வகுப்பு. அவளுடைய அம்மா ஐந்தருவியில் சோப்பு, ஷாம்பு பாக்கெட், துண்டு விற்கிறார். சீசனில் பள்ளி விட்டதும் இவளும் கடையில் உட்காருவாள். வாங்குகிறவர்கள் வராத நேரத்தில் வாசிப்பாள். ஒரு தடவை இப்படி எழுதியிருந்தாள்: 'இந்தக் கதையில் மழையே பெய்யாது. ஆனால் ஒரு குடை வரும். குடைக்குள் இருப்பவரை நம்பாதே.' அந்தப் புத்தகம் நான்கு மாதம் அலமாரிக்குத் திரும்பவில்லை.

எழுதுவாளே தவிர, எழுந்து நிற்க மாட்டாள். நிறுத்தாட்டத்துக்குக் கூப்பிட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். நானும் வற்புறுத்தியதில்லை. ஒரு நாள் அவளாகவே என் மேஜைக்கு வந்தாள்.

"மிஸ், விழா வருதாம்லா. அதுல நான் நிக்கட்டுமா?"

அவள் எடுத்து வைத்திருந்தது, பாழுங்கிணற்றில் விழுந்துவிட்ட ஒரு சிறுமியின் கதை. எங்கே நிறுத்துவது என்று பென்சிலால் மூன்று இடத்தில் கோடு போட்டு, இரண்டை அழித்திருந்தாள். மிச்சமிருந்த இடம் இதுதான்: இருட்டுகிற நேரத்தில் கிணற்றுக்கு மேலே காலடிச் சத்தம் கேட்கிறது. சிறுமி அண்ணாந்து பார்க்கிறாள். மேலே ஒருத்தி நிற்கிறாள், கையில் கயிறு இருக்கிறது. ஆனால் அவள் அசையவில்லை.

எனக்கே உடம்பு சிலிர்த்தது. "அவ்வளவு பேருக்கு முன்னால பயமா இருக்காதா?" என்று கேட்டேன்.

"இருக்கும் மிஸ். மூடின பெறவு என்ன செய்யன்னுதான் தெரியல. எல்லாரும் என்னையவே பாப்பாங்க."

"நீ மூடிட்டு நில்லு. மத்தத நான் பாத்துக்கிடுதேன்," என்றேன்.

வார்த்தை கொடுப்பது எவ்வளவு சுலபமாக இருக்கிறது, பாருங்கள்.

அந்த விழா எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை பீரியடைக் கணக்குக்குக் கொடுத்துவிடலாம் என்று ஒரு பேச்சு அடிபட்டது. நான் தலைமையாசிரியரிடம் போய், பிள்ளைகள் நிஜமாகவே வாசிக்கிறார்கள், வந்து பாருங்கள் என்று மன்றாடினேன். அவர் வரவில்லை. தாளாளரிடம் சொன்னார். தாளாளர், "நல்ல விசயமால்லா இருக்கு? பெருசா செஞ்சிருவோம். வாசிப்புத் திருவிழான்னு போட்டுருங்க," என்று சொல்லிவிட்டு, உடனே குற்றாலத்துக்குப் போன் போட்டார். தண்ணீர் நன்றாக விழுகிறது என்று பதில் வந்தது. சென்னையிலிருந்து ஒரு பெரிய அதிகாரி குடும்பத்தோடு வருவதாக முடிவானது. புத்தகத்துக்கும் அவருடைய துறைக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

விழாவுக்கு முதல் நாள் மேடையைப் போய்ப் பார்த்தேன். என் செய்தித்தாள் பொட்டலங்களை ஒரு மூலையில் தள்ளிவிட்டு, பளபளக்கிற பரிசுக் காகிதத்தில் சுற்றிய புதிய பொட்டலங்களை அடுக்கியிருந்தார்கள். எல்லாம் ஒரே அளவு. குறிப்புகள் இல்லை, 'வாசிப்பே மூச்சு' என்று அச்சடித்து ஒட்டியிருந்தது. ஒன்றை ஓரத்தில் பிரித்துப் பார்த்தேன். உள்ளே புத்தகம் இல்லை. பள்ளியின் பெயர் தப்பாக அச்சாகி மூட்டை கட்டி வைத்திருந்த பழைய டைரி.

ஓவிய ஆசிரியர் கூச்சமே இல்லாமல் சொன்னார்: "புஸ்தகம்னா ஒண்ணு குட்ட, ஒண்ணு நெட்ட. போட்டோல அசிங்கமா தெரியும்லா மிஸ். அதான். பிள்ளையள்ட்ட பிரிக்கக் கூடாதுன்னு சொல்லிருங்க. திரும்ப வாங்கி வைக்கணும்."

வாசிப்புத் திருவிழாவில் பிரிக்கக் கூடாத பொட்டலம், அதற்குள் வெறும் டைரி. நான் அப்போதே சத்தம் போட்டிருக்க வேண்டும். எல்லாம் அந்த வெள்ளிக்கிழமை பீரியடுக்காக என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மறுநாள் பத்து மணிக்கு விழா. பிள்ளைகளை ஒன்பதரைக்கே வரிசையாக உட்கார வைத்துவிட்டோம். பத்தரைக்கு, விருந்தினர் மெயினருவியில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கிறார் என்று தகவல் வந்தது. பதினொன்றரைக்கு, ஐந்தருவிக்குப் போய்விட்டார் என்றார்கள். தண்ணீர் குடிக்கக் கேட்ட பிள்ளைகளிடம், "இப்ப வந்துருவாவ, எந்திரிக்காத," என்று அதட்டினோம். நானும் அதட்டினேன். அவள் முன்வரிசையில், புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, உதட்டை மட்டும் அசைத்து வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்றே கால் மணிக்கு அவர் வந்தார். தலை ஈரம் காயவில்லை. கழுத்திலும் காதோரத்திலும் எண்ணெய் மினுமினுத்தது. அவர் உள்ளே நுழைந்ததும் நல்லெண்ணெய் வாசமும் சீயக்காய் வாசமும் கலந்து ஹால் முழுக்கப் பரவியது. தாளாளர் பொன்னாடை போர்த்தினார். நாற்பது பிள்ளைகளை மேடையேற்றி, கையில் ஆளுக்கொரு டைரிப் பொட்டலத்தைக் கொடுத்து, சிரிக்கச் சொல்லிப் படமெடுத்தார்கள். எடுத்து முடித்ததும் இரண்டு ஆசிரியர்கள் கூடையோடு நின்று, இறங்குகிற பிள்ளைகளிடமிருந்து பொட்டலங்களைப் பிடுங்கிக்கொண்டார்கள். அந்தப் படம் அடுத்த நாள் பேப்பரில் வந்தது. அதில் நானும் இருக்கிறேன், ஈயென்று இளித்துக்கொண்டு.

அவளுடைய முறை வந்தது. ஒலிவாங்கி அவளுக்கு உயரமாக இருந்தது. யாரும் இறக்கிவிடவில்லை, குதிகாலைத் தூக்கிக்கொண்டு வாசித்தாள். முதல் இரண்டு வரியில் குரல் நடுங்கியது. பிறகு சரியாகிவிட்டது. பசியில் நெளிந்துகொண்டிருந்த பிள்ளைகள் அடங்கினார்கள். கிணறு, இருட்டு, காலடிச் சத்தம். மேலே ஒருத்தி நிற்கிறாள். கையில் கயிறு இருக்கிறது. ஆனால் அவள் அசையவில்லை.

பட்டென்று மூடினாள்.

"ஏலே!" என்று என் ஒன்பதாம் வகுப்பு மட்டும் கத்தியது. தலைமையாசிரியர் திரும்பி முறைத்தார், உடனே அடங்கிவிட்டது. அவள் புத்தகத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, விதிப்படி, வாயை மூடிக்கொண்டு நின்றாள். முகத்தில் சிரிப்பு வரப் பார்த்தது.

விருந்தினர் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

"என்ன பாப்பா, மறந்துபோச்சா? பயப்படாதே, பயப்படாதே. பாருங்க, இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு எல்லாம் செல்போன். புத்தகத்தைக் கையில வச்சுக்கிட்டே மறந்துடுறாங்க!"

ஹால் சிரித்தது. தாளாளர் விழுந்து விழுந்து சிரித்தார். தமிழ் ஆசிரியை கீழேயிருந்து, "ஏட்டி, சொல்லுட்டி, மிச்சத்தச் சொல்லு," என்று கிசுகிசுத்தார். அவள் சொல்லவில்லை. விளையாட்டில் பேசக்கூடாது. நான்தான் அந்த விதியைப் போட்டவள்.

அவள் என்னைப் பார்த்தாள்.

மேடையின் இடது பக்கம், மைக்கிலிருந்து நான்கடி தூரத்தில் நின்றிருந்தேன். 'ஐயா, அவள் மறக்கவில்லை, இது விளையாட்டு, இங்கே நிறுத்துவதுதான் திறமை' என்று சொல்ல எத்தனை வார்த்தை வேண்டும்? வாய் வரைக்கும் வந்தது. விருந்தினர் முகம் சுருங்கினால் தாளாளர் முகம் சுருங்கும், பீரியட் போய்விடும் என்று ஒரு கணக்கும் கூடவே வந்தது. நான் சிரித்தேன். எல்லோரும் சிரிக்கும்போது நானும் சிரித்தேன்.

அவர் அவள் கையிலிருந்து புத்தகத்தை வாங்கினார். எண்ணெய் பிசுக்கேறிய கட்டைவிரலால் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, உரக்க வாசித்தார். மேலே நின்றவள் கயிற்றைப் போட்டாள், சிறுமி பிடித்துக்கொண்டு ஏறி வந்தாள். அத்தோடு விட்டாரா? "ஆகவே பிள்ளைகளே, கிணற்றுப் பக்கம் தனியாகப் போகக்கூடாது. இதுதான் நீதி," என்று முடித்து, புத்தகத்தை அவளிடம் நீட்டினார். கைதட்டல். அதற்குள் அவருடைய டிரைவர் வந்து, பழைய குற்றாலத்தில் கூட்டம் குறைந்திருக்கிறது என்று காதில் சொன்னார். அடுத்த நிமிடம் கார் கிளம்பிவிட்டது. செய்தித்தாள் பொட்டலங்கள் மூலையில் அப்படியே கிடந்தன. தேரை இழுத்துத் தெருவில் விட்ட கதையாக, பிள்ளைகளும் நானும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம்.

நான் கூப்பிடுவதற்குள் அவள் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

இதைப் படிக்கிறவர்கள் அந்த அதிகாரி மேல்தான் எனக்கு அருவருப்பு என்று நினைக்கக்கூடும். இருந்தது. அந்த எண்ணெய் வாசம் மூன்று நாள் என் மூக்கை விட்டுப் போகவில்லை. ஆனால் அவருக்கு விளையாட்டு தெரியாது. தெரியாமல் செய்தார். மேடையில் தெரிந்துகொண்டே சும்மா நின்ற ஆள் ஒருத்திதான்.

திங்கள்கிழமை தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். தாளாளருக்குப் பரம சந்தோஷம், பீரியடில் கைவைக்க மாட்டார்கள் என்றார். "ஒரே ஒண்ணு மிஸ். இந்தப் பாதில நிறுத்துத சோலி வேண்டாம். முழுசா வாசிக்கச் சொல்லுங்க. கடைசில ஒரு நீதி சொல்லட்டும். தாளாளர் அண்ணாச்சி சொல்லச் சொன்னாவ."

நான் சரியென்று தலையாட்டிவிட்டு வந்தேன். பீரியட் இன்னும் இருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் யாராவது ஒரு கதையை முழுசாக வாசித்து, ஒரு நீதி சொல்கிறார்கள். பிள்ளைகள் மறுபடி தூங்குகிறார்கள். அவளும் வருகிறாள். கடைசி பெஞ்சில் கணக்கு நோட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். புத்தகம் எடுப்பதில்லை. ஒரு தடவை வராந்தாவில் நிறுத்தி, "என் மேல கோவமாட்டி?" என்று கேட்டேன். "இல்ல மிஸ்," என்று மரியாதையாகச் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை.

அந்தத் திங்கள்கிழமை தலைமையாசிரியர் அறையிலிருந்து திரும்பியபோது, என் மேஜையில் ஒரு பொட்டலம் இருந்தது. செய்தித்தாள், ஈரத்தில் ஓரம் நைந்திருந்தது. மேலே அந்தக் கையெழுத்து, மூன்று குறிப்பு.

'ஒரு பெண் கிணற்றுக்குள் இருக்கிறாள்.'

'மேலே நிற்பவர் கையில் கயிறு இருக்கிறது.'

'போட மாட்டார்.'

கதையில் மேலே நின்றவள் கயிறு போட்டதைப் பள்ளிக்கூடமே காதால் கேட்டது. இந்தக் குறிப்பை எழுதியவளும் கேட்டாள். விளையாட்டு விதிப்படி பொட்டலத்தை எடுத்தவர்தான் பிரித்து, பத்துப் பக்கம் வாசிக்க வேண்டும். எடுத்தது நான்தான். மேஜை டிராயரில் இருக்கிறது. இன்னும் பிரிக்கவில்லை.