தோ... தோ...

எங்கள் வீட்டு நாய் மலம் தின்றது. எழுதக் கூச்சமாக இருந்தாலும், அந்த ஒரு வாரம் வீட்டில் வேறு பேச்சே இல்லாததால் மறைப்பதில் பயனில்லை. யுத்த காலம், அரிசி ரேஷனில் வந்தது. என் கணவர் தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்குக் குமாஸ்தா. கப்பல் வந்துவிட்டால் வீடு திரும்ப நேரம் காலம் கிடையாது. அந்த நாட்களில் எனக்குப் பேச்சுத்துணையாக இருந்தது, முந்திய ஆண்டு குட்டி போட்ட அந்தப் பழுப்பு நாய்தான்.

எங்கள் பத்து மாத ஆண் குழந்தை தவழ்ந்து சென்று அதன் கழுத்தைக் கட்டிக்கொள்வான். அது அவன் வாயை நக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டது. அதே நாளில் கொல்லையில் நாய் எதைத் தின்கிறது என்பதைக் கணவர் நேரில் பார்த்துவிட்டார்.

“ஞாயித்துக்கிழமை வேம்பாருக்கு லாரி போகுது. உப்பளத்துல இறக்கி விட்டுருவேன். அதுக்குள்ள இந்தப் புத்தி போனா இங்கன கிடக்கட்டும்” என்றார்.

விதவையாகி எங்களோடு இருந்த என் நாத்தனார், கணவரின் அக்காள், உடனே வைத்தியத்தில் இறங்கினார். மலத்தின்மேல் மிளகாய்ப்பொடி தூவினார். நாய் இரண்டு தும்மல் போட்டுவிட்டு முழுவதையும் தின்று முடித்தது.

மறுநாள் குழந்தைக்கு மருந்து வாங்கித் திரும்பும் வழியில் மாட்டாஸ்பத்திரிக்குள் நுழைந்தேன். நான் சொன்னதைக் கேட்டு அங்கிருந்த கம்பவுண்டர் சிரிக்கவில்லை.

“கருவாடு நமக்கு நாறுதாம்மா? அதுக்கும் அப்படித்தான். குட்டி போட்ட நாய் குட்டியோடத நக்கித்தான் எடுக்கும். அந்தப் பழக்கம் சிலதுக்கு அப்படியே ஒட்டிக்கிடும். இல்லன்னா பசி, வயித்துல பூச்சி. எத்தனை வேளை சோறு?”

“ஒரு வேளை. மத்த நேரம் கஞ்சித்தண்ணி.”

“ரெண்டு வேளையாக்குங்க. பூச்சிக்கு மருந்து தாரேன். அடிக்காதீங்க, விரட்டாதீங்க. புடுங்கிருவாங்கன்னு இன்னும் வேகமா முழுங்கும். கூப்புட்டு வேற ஏதாவது வாயில குடுங்க. முக்கியமா, அது போகுமுன்ன நீங்க போயி அள்ளிருங்க.” மருந்தை மடித்துக் கொடுக்கும்போது கேட்டார்: “புள்ள வெளிக்குப் போனா யாரு அள்ளுதா?”

“நாங்கதான்” என்று சொல்லிவிட்டேன். அது பொய் என்பது வீட்டு வாசலில் வைத்துத்தான் எனக்கே உறைத்தது. உள்ளே நாத்தனார், வெளிக்குப் போய் முடித்த குழந்தையின் கால்களைப் பிடித்துக்கொண்டு, “தோ... தோ...” என்று கொல்லைப் பக்கம் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். நாய் ஓடி வந்தது. சோற்றுக்கும் நாங்கள் அதே குரலில்தான் கூப்பிடுவோம். அந்தத் தெருவில் குழந்தை உள்ள எல்லா வீடுகளிலும், பிள்ளை வெளிக்குப் போனதும் சுத்தம் செய்ய நாயைக் கூப்பிடுவதுதான் வழக்கம்.

“மதினி, நாமதான அதைக் கூப்புடுதோம்?”

“பின்ன? நாய் எதுக்குளா இருக்கு?” என்றவர், சொன்ன பிறகு குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு, அடுப்படிக்குச் சாம்பல் எடுக்கப் போனார்.

அன்று முதல் கொல்லை வாசலில் ஒரு தகரத்தில் சாம்பலும் பக்கத்தில் அள்ளுவதற்கு ஒரு தேங்காய்ச் சிரட்டையும் இருந்தன. குழந்தை வெளிக்குப் போனாலும் நாய் போனாலும் அந்த நிமிடமே சாம்பல் போட்டு அள்ளினேன். என் பங்குச் சோற்றில் ஒரு பிடியைக் காலையிலும் அதற்கு வைத்தேன். நாய் மோப்பம் பிடித்துக்கொண்டு நின்றால் சத்தம் போடாமல் “வா” என்று மட்டும் கூப்பிட்டு ஒரு நெத்திலித் தலை கொடுத்தேன். வெள்ளிக்கிழமை எதையும் தின்னாமல் தப்பியது. சனிக்கிழமை காலை நான் குளிக்கும் நேரத்தில் மறுபடியும் தின்றுவிட்டது. நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஞாயிறு காலை. கயிறு எடுத்து வைத்தாயிற்று. லாரி வரும்வரை கணவர் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அவன் முக்கினான். அவர் அவசரமாகக் கொல்லையில் இறக்கிக் குந்த வைத்தார், முடிந்ததும் தன்னை அறியாமல் தலையைத் திருப்பிக் கூப்பிட்டார்: “தோ... தோ...”

நாய் வாலை ஆட்டிக்கொண்டு வந்தது.

“ஏலே! விருந்துக்குக் கூப்புட்டுட்டு லாரியிலயா ஏத்தப் போற?” என்றார் நாத்தனார்.

கணவரின் முகம் சிவந்துவிட்டது. நான் “வா” என்றேன். நாய் ஒருமுறை கீழே பார்த்தது. பிறகு நெத்திலிக்கு வந்தது. கணவர் சிரட்டையை எடுத்தார். வாசலில் லாரிக்காரர் ஹாரன் அடித்தபோது அவர் கையில் சாம்பல் இருந்தது.

“ஏத்த வேண்டியது ஒண்ணும் இல்ல, அண்ணாச்சி. நீங்க போங்க” என்று உள்ளிருந்தே குரல் கொடுத்தார்.

நாயின் பழக்கம் ஏறக்குறைய நிற்க நான்கு மாதம் ஆயிற்று. எங்கள் வாயிலிருந்து அந்தக் கூப்பாடு போக இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே ஆயிற்று.