கறுப்புக் கூம்பும் கையெழுத்துச் சீட்டும்

சிங்கப்பூர் ஆற்றங்கரையில் நெய்னா முகம்மதுவிடம் ஏச்சு வாங்காதவர் யாரும் இல்லை. அவர் தண்டல், அதாவது தொங்கான் என்ற சரக்குப் படகை ஓட்டுகிறவர். வெளிக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பலுக்குப் போய்ச் சரக்கை ஏற்றி ஆற்றுக்குள் கொண்டுவந்து சேர்ப்பது வேலை. அதில் பழம் தின்று கொட்டை போட்டவர் என்பதால் கரையில் அவரே தலைமைத் தண்டல். அவர் பேச்சை மற்ற தண்டல்கள் தட்டமாட்டார்கள். முன்பும் கோபக்காரர்தான், ஆனால் வந்த கோபம் போய்விடும். 1907இல் தங்கை ரபியாவின் புருஷன் அப்துல் காதர் கடலில் செத்தபோது வந்த கோபம் போகவே இல்லை.

துறைமுகத்தில் ஒரு சட்டம் உண்டு. கோட்டைமலைக் கொடிமரத்தில் கறுப்புக் கூம்பு ஏறினால் சுமாத்திராப் பக்கமிருந்து பெருங்காற்று வருகிறது என்று பொருள். அப்போது எந்தத் தொங்கானும் வெளியே போகக்கூடாது. வெளியே இருப்பது கப்பலை விட்டு விலகி ஆற்றுக்குள் ஒதுங்க வேண்டும். நல்ல சட்டம்தான், காகிதத்தில். ஆனால் ஏற்றிய சரக்குக்குக் கப்பல் அதிகாரி கையெழுத்துப் போட்ட சீட்டு வேண்டுமே. சீட்டில்லாமல் கரைக்கு வந்தவனைத் திருடன் என்பார்கள். நாகூர்க்காரத் தண்டல்களுக்குப் பெயர்தான் சொத்து. அதனால் சீட்டு கைக்கு வராமல் ஒருவரும் கயிற்றை அவிழ்ப்பதில்லை.

அன்றைக்குக் கூம்பு ஏறியபோது அப்துல் காதரின் தொங்கான் நிறைய அரிசி மூட்டையோடு ஒரு கப்பலில் கட்டிக் கிடந்தது. அவர் கீழே நின்று சீட்டுக் கேட்டுக் கத்தியிருக்கிறார். அதிகாரி பசியாறிக்கொண்டிருக்கிறார், பொறு என்று மேலிருந்து பதில் வந்ததாம். கால் மணி நேரத்தில் காற்று வந்தது. தொங்கான் கப்பலின் வயிற்றில் மோதி உடைந்தது. அப்துல் காதரும் இரண்டு ஆட்களும் போனார்கள். தப்பிய ஒருவன்தான் இதையெல்லாம் சொன்னான்.

அவன் சொன்னதை யார் எழுதினார்கள்? கப்பலின் ஏஜெண்டு கம்பெனி எழுதிக் கொடுத்ததே துறைமுகப் பதிவில் ஏறியது. எச்சரிக்கையை மதிக்காத தண்டலே குற்றவாளி, அவ்வளவுதான். உயிரைக் குடித்தவர்கள் செத்தவன் தலையிலேயே பழியையும் கட்டினார்கள்.

அந்த வரியை அழிக்க வைக்காமல் ஓய்வதில்லை என்று நெய்னா முகம்மது நின்றார். கம்பெனி வாசலில் போய் ஏசினார். அங்கே கணக்கெழுதும் கிராணிகளை ஏசினார். பொறுமையாக இருங்கள் என்று சொன்ன ஜமாஅத்துப் பெரியவர்களையும் விடவில்லை. ஜாலான் புசாரில் இருந்த அவர் வீட்டுக்கே ரபியாவும் வந்துவிட்டாள். அவர் ஏசிக்கொண்டே சாப்பிடுவார். அவள் ஒரு வார்த்தை பேசாமல் சோறு போடுவாள். மனு எழுதுகிற பாலகிருஷ்ணனிடம் போய் அந்தக் கூம்புச் சட்டத்தைப் பத்துத் தடவை வாசிக்கச் சொல்லி, எழுத்தறியாத மனுஷர் மனப்பாடம் செய்துகொண்டார்.

மறுவருடம் அதே கம்பெனியின் கப்பல். சீனி மூட்டை ஏற்றி முடிக்கும்போது மலையில் கூம்பு ஏறியது. சீட்டுக் கேட்டார். பொறு என்றார்கள். அதே சொல். நெய்னா முகம்மது கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்துவிட்டார். தொங்கான் ஆற்று முகத்துக்குள் நுழைந்ததும் பின்னால் காற்று வந்து கடலைப் புரட்டியது. ஆட்கள் ஐந்து பேரும் பிழைத்தார்கள். கம்பெனியோ சரக்கைத் திருடிக்கொண்டு ஓடினான், லைசென்ஸைப் பிடுங்க வேண்டும் என்று புகார் கொடுத்தது.

விசாரணையில் அவர் சட்டத்தை வரி பிசகாமல் ஒப்பித்தார். துறைமுக அதிகாரி புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, நீ செய்தது சரி, போகலாம் என்றார். நெய்னா முகம்மது போகவில்லை. அப்துல் காதர் மேல் எழுதியதையும் அழிக்க வேண்டும், அவர் சீட்டுக்காகக் காத்திருந்தவர் என்றார்.

அதிகாரி துபாஷி மூலம் கேட்டார். கூம்பு ஏறினால் விலகச் சொல்லிச் சட்டம் இருக்கிறது. உன்னைப் போல அவனும் கயிற்றை அறுத்திருக்கலாமே. ஏன் அறுக்கவில்லை?

ஒரு வருடமாக ஏசியது போல இப்போதும் கம்பெனிக்காரனைக் கைகாட்டலாம். நம்ப யாரும் இல்லை. கடைசியில் துபாஷியைப் பார்த்துச் சொன்னார்.

"நாந்தாங்க சொன்னேன். அதுக்கு ஒரு மாசம் முந்தி, மச்சான் காத்துக்குப் பயந்து சீட்டில்லாம வந்துட்டாரு. திருட்டுப்பட்டம் கட்டினாங்க. எனக்கு மானம் போச்சு. இனிமே சீட்டில்லாமக் கயித்தை அவுத்தா எம் மூஞ்சியில முழிக்காதேன்னு கரையில நாலு பேரு முன்னால ஏசிப்புட்டேன். எழுதிக்கச் சொல்லுங்க."

எழுதிக்கொண்டார்கள். தலைமைத் தண்டலின் உத்தரவுப்படி காத்திருந்தவர் என்று அப்துல் காதர் மேலிருந்த குற்றம் நீங்கியது. சட்டத்துக்கு எதிராக உத்தரவிட்டவர் என்று நெய்னா முகம்மதுவின் லைசென்ஸ் போனது. கம்பெனியின் மேல் ஒரு வரிகூட ஏறவில்லை. அந்த ஆத்திரத்தோடுதான் ஜாலான் புசார் வரை நடந்தார்.

ரபியாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் அழவில்லை.

"தெரியும் காக்கா. நீங்க ஏசினதை அவங்க அன்னைக்கே வீட்டுக்கு வந்து எங்கிட்ட சொன்னாங்க. ஊருல ஒருத்தர் பாக்கியில்லாம ஏசினீங்க. உங்களை நீங்க எப்ப ஏசுவீங்கன்னு ஒரு வருஷமாப் பார்த்துக்கிட்டிருந்தேன்."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று நெய்னா முகம்மது தாமே சோற்றைப் போட்டுக்கொண்டு, யாரையும் ஏசாமல் சாப்பிட்டார்.