அவலாஞ்சியில் நான் தேடிய ஷேடு

கறிக்கடையில் சேவலைச் சுடுதண்ணீரில் முக்கி எடுத்ததும் ஒரு வாடை எழும்புமே, உங்களுக்கும் தெரிந்திருக்கும். போன ஞாயிற்றுக்கிழமை அது மூக்கில் ஏறியதும், கழுத்து இறகு ரெண்டு கொடுங்கள் என்று என்னை அறியாமல் கேட்டுவிட்டேன். கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்தார். காது குடைய என்று சமாளித்தேன்.

உண்மையில் அது தூண்டிலில் கட்டும் பொய்ப்பூச்சிக்கு ஆகும் இறகு. தொண்ணூறுகளின் நடுவில் திருப்பூர்ப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் ஷேடு பார்க்கும் வேலையில் இருந்தேன். வாடிக்கையாளர் அனுப்பும் துணித் துண்டின் நிறத்தை நூலில் அச்சு அசலாகக் கொண்டுவர வேண்டும். வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் நின்று, இது கொஞ்சம் தூக்கல், இது கம்மி என்று நாள் முழுக்கத் தகராறு செய்வேன். அந்தப் புத்தி பட்டறையோடு நிற்கவில்லை. ஒரு சட்டை எடுக்க நாலு கடை ஏறுவேன். எடுத்த பிறகும் தூக்கம் வராது.

அங்கே பாய்லர் பார்த்த சம்பத், சோமனூர்க்காரன், என் கூட்டாளி. அவன் தங்கை மாலதியைப் பெண் பார்த்துவிட்டு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. பார்த்த அன்றே பிடித்திருந்தது. ஆனாலும் யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். எதை யோசித்தேன் என்று கேட்காதீர்கள், இன்றுவரை எனக்கே தெரியாது. கோபிசெட்டிபாளையத்தில் அவர்களுக்கு இன்னொரு இடம் காத்திருந்தது. சம்பத்தோ திடீரென்று என்னிடம் மரியாதையாகப் பேச ஆரம்பித்திருந்தான்.

"ஞாயித்துக்கெழம ஊட்டிப் பக்கம் அவலாஞ்சிக்கு டிரவுட் மீன் புடிக்கப் போலாங்க. நாலு மணிக்கு அப்பாவுக்குப் போன் பண்றதாச் சொல்லியிருக்கறன். அதுக்குள்ள ஒரு வார்த்த சொல்லிப்போடுங்க" என்றான்.

பங்குனி மாதம். ஆனாலும் ஓடையில் கால் வைத்தால் எலும்பு வரை சில்லிட்டது. பதினொரு மணி வெயில் பட்டதும் தண்ணீரிலிருந்து மேஃப்ளை என்கிற பூச்சிகள் கூட்டமாக எழும்பின. கண்ணாடி இறக்கை, மயிர் போல வால், ஒரு நாள் ஆயுசு. அவற்றை விழுங்க மீன்கள் அங்கங்கே மேலே வந்தன. இறகும் நூலும் சுற்றி அதே பூச்சி போலக் கட்டிய முள்ளை வீசினால் டிரவுட் ஏமாறும்.

சம்பத்திடம் இருந்தது காப்பிக்கொட்டை நிறத்தில், பாதி இறகு உதிர்ந்த பழைய ஒன்று. அதையே வீசி இரண்டு மீன் பிடித்தான். நானோ பட்டறையிலிருந்து இருபது நிற நூல் கொண்டுபோயிருந்தேன். சாம்பலில் கட்டினேன், தூக்கல். பாசிப்பச்சையில் கட்டினேன், கம்மி. ஒரு பூச்சியைப் பிடித்து உள்ளங்கையில் வைத்து, ஓடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வடக்கு வெளிச்சம் பார்த்து நின்றேன். நிறம் ஒத்துப்போனது. தண்ணீரில் போட்டால் கறுத்துவிட்டது. நூல் நனைந்தால் ஷேடு இருளும் என்பது பட்டறையில் டீ வாங்கி வருபவனுக்குக்கூடத் தெரியும். பிரித்து மறுபடி கட்டினேன். பின்னால் மீன் எழும்பும் சத்தம் கேட்கக் கேட்க அவசரத்தில் முடிச்சை இரண்டு முறை தப்பாகப் போட்டேன். நடுவில் சம்பத் பக்கத்தில் வந்து, "பாப்பா விசயம்..." என்று தங்கை பேச்சை இழுத்தான்.

"ஒரு நிமிசம் இரு, இந்த ஷேடு மட்டும்" என்றேன். போய்விட்டான்.

கடைசியில் கட்டி முடித்தேன். நனைத்தும் பார்த்தேன், அச்சு அசல். ஓடையில் ஒரு மீனும் மேலே வரவில்லை. சம்பத் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ரொம்பச் சரியா இருக்குதுங்க. பூச்சிதான் போயிருச்சு."

ஊட்டிக்குத் திரும்பும் பஸ்ஸில் வார்த்தை தேடிக்கொண்டே வந்தேன். பிடித்திருக்கிறது என்பதா, சம்மதம் என்பதா, பெரியவர்களைப் பேசச் சொல்லலாம் என்பதா. இறங்கியபோது மணி நாலு. சம்பத் நேராக எஸ்.டி.டி. பூத்துக்குள் போய்விட்டு வெளியே வந்தான்.

"இல்லீன்னு சொல்லிப்போட்டனுங்க."

"நான் இல்லீன்னு சொல்லவே இல்லியேடா."

"ஆமான்னும் சொல்லலீங்களே."

அவன் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மாலதி கோபிக்குப் போனாள். அந்த வருடமே சம்பத் வேலையை விட்டான். எனக்கும் பின்னால் கல்யாணம் ஆயிற்று, நன்றாகத்தான் இருக்கிறேன். பட்டறையை மூடிவிட்டார்கள், ஷேடை இப்போது கம்ப்யூட்டர் பார்க்கிறது, ஊட்டியில் அந்த பூத்தும் இல்லை. அந்தப் பூச்சியின் நிறத்தை மட்டும் இன்று கேட்டாலும் சொல்வேன்: வெளுத்த பாசிப்பச்சை, அதில் ஒரு சொட்டு மஞ்சள், வால் பக்கம் கொஞ்சம் தூக்கல். பெண் பார்க்கப் போன அன்று மாலதி என்ன நிறத்தில் சேலை கட்டியிருந்தாள் என்று எவ்வளவோ யோசித்துப் பார்க்கிறேன். வரவில்லை.