இன்னும் உசிரு இருக்கு அண்ணாச்சி!

எங்கள் வீட்டு அடுப்படியில் லைட்டரை ‘டக்’கென்று அழுத்தினால் வாசல் காலிங்பெல் தானாக அடிக்கும். வயரில்லாத மலிவு மணி. லைட்டரின் பொறி கிளப்பும் அலையை, யாரோ பொத்தானை அழுத்தியதாக நினைத்துக்கொள்ளும். “வேற பெல்லு வாங்கித் தொலைங்களேன்” என்பாள் மனைவி. எனக்கோ சிரிப்பு வரும். ஒருகாலத்தில் இந்த வேலைதானே ஐயா எனக்குச் சோறு போட்டது!

பேட்டையில் ஒரு தகரக் கொட்டகையில் எனக்கு வேலை. காற்றாலைகளின் எலக்ட்ரானிக் பெட்டிகள் கெட்டுப்போக மின்னல் மேலேயே விழவேண்டும் என்றில்லை. பக்கத்தில் விழுந்து, அதன் மின்காந்தத் துடிப்பு பட்டாலே போதும். நாங்கள் குட்டி மின்னலை உண்டாக்கி, பெட்டி எதுவரை தாங்கும் என்று பார்ப்போம். படித்தவர்கள் இதற்கு நீளமாகப் பெயர் வைத்திருந்தார்கள். எங்கள் வாய்க்கு அது ‘அடி’. தாங்கினால் ‘உசிரு இருக்கு’, போனால் ‘செத்துட்டு’. ஒவ்வோர் அடிக்கும் இடி விழுந்த இடத்து வாசம் கொட்டகை முழுக்க நிறையும். அதை மோந்துகொண்டு இளித்தபடி நிற்பேன்.

அப்போது பாளையங்கோட்டையில் எனக்குப் பெண் பேசியிருந்தார்கள். பெண்ணை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது, தட்டிப்போனால் தொலைந்தேன். அவள் அப்பா வாத்தியார், கோயில் தவறாதவர். மாப்பிள்ளை எப்படிப்பட்டவன் என்று பார்க்க, சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் கொட்டகைக்கே வந்துவிட்டார். கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே முதலாளி அண்ணாச்சி கத்துகிறார்.

“ஏலே, செத்துட்டா?”

“இன்னும் உசிரு இருக்கு அண்ணாச்சி!” இது நான்.

“அப்பம் கவுத்திப் போட்டு அடிலே!”

டமார்!

“செத்துட்டு அண்ணாச்சி!” எல்லை தெரிந்துவிட்ட சந்தோஷத்தில் குதித்தேன்.

கதவு படாரென்று திறந்தது. குடையை ஓங்கியபடி வருங்கால மாமனார்.

“ஆண்டவரே! யார வே கொன்னிய?”

போச்சு, கல்யாணம் போச்சு! அண்ணாச்சிதான் செத்த பெட்டியைக் காட்டி எல்லாம் சொன்னார். கேட்கக் கேட்கக் குடை பைய இறங்கியது.

“நான் பாக்க இன்னொண்ணு அடிங்க வே!”

அடித்தோம். மனுஷர் கைதட்டிச் சிரித்தார். கல்யாணம் நடந்தது. அதன்பிறகு சாயங்காலம் காப்பி போடும் நேரம் பார்த்து வருவார், செருப்பைக் கழற்றுமுன்பே கேட்பார்: “மாப்பிளே, இன்னைக்கு எத்தனை கொலை?”

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது டைல்ஸ் குடோன். அண்ணாச்சி மகனோடு கோவைக்குப் போய்விட்டார். மாமாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். சாயங்காலம் மனைவி காப்பிக்கு அடுப்பைப் பற்றவைக்கிறாள், மணி அடிக்கிறது. யாருமில்லை என்று தெரிந்தும் எழுந்துபோய்க் கதவைத் திறக்கிறேன்.

பெல்லை மாற்றச் சொன்னவள்தான், அடுப்படியிலிருந்து கேட்கிறாள்: “யாருங்க, அப்பாவா?”