கடவுப்பாதைக்கு வந்த ஆர்ப்பாட்டம்

காலை 6.10. தஞ்சைப் புதிய பேருந்து நிலையத்திலிருந்து புதுக்கோட்டை வண்டி புறப்பட்டபோது என் பையில் ஒரு தண்ணீர்க் குப்பியும் எட்டுத் தாள்களும் இருந்தன. அந்த எட்டுத் தாள்களும் ஓர் உரை. தொடர்வண்டித் துறையின் பணிகளைத் தனியாருக்கு ஒப்பந்தம் விடுவதையும், தொழிலாளர் பாதுகாப்புகளைத் தளர்த்தும் புதிய சட்டத் தொகுப்புகளையும் எதிர்த்து, புதுக்கோட்டை நிலையத்தின் முன் அன்று தொழிற்சங்கத்தார் ஆர்ப்பாட்டம் அறிவித்திருந்தார்கள். வாழ்த்துரை வழங்க என்னை அழைத்திருந்தார்கள். எங்கள் தெருவில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தொடர்வண்டிக் காவலர் ('கார்டு') ஒருவரின் பரிந்துரை அது. கல்வெட்டுகளையும் குடைவரைகளையும் நாடிப் பலமுறை அம்மாவட்டத்துக்குச் சென்றவன் நான். கூலி உயர்வையோ கொடியையோ பற்றி இதுவரை ஒரு வரியும் எழுதியதில்லை.

கட்டணம் நாற்பத்தைந்து ரூபாய். தொலைவு அறுபது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. காவிரிச் சமவெளியின் கருமண், கந்தர்வகோட்டையை நெருங்கும்போதே செம்மண்ணாக மாறிவிடுகிறது. நெல் வயல்கள் விடைபெற, முந்திரித் தோப்புகளும் தைலமரக் காடுகளும் தொடர்ந்தன.

காலை 8.05. புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்திலிருந்து தொடர்வண்டி நிலையத்துக்குத் தானியில், அதாவது ஆட்டோவில், சென்றேன். எண்பது ரூபாய். வாயிலில் என்னை எதிர்கொண்டவர் சங்கக் கிளையின் செயலாளர் வெள்ளைச்சாமி. ஐம்பது அகவையினர். 'கீமேன்' என்பது அவர் பணியின் பெயர். நாள்தோறும் இருப்புப்பாதை நெடுக நடந்து, தண்டவாளத்தைப் பிணைக்கும் கவ்விகளை ஒவ்வொன்றாய்ப் பார்த்து, தளர்ந்ததைச் சம்மட்டியால் இறுக்குபவர். அன்று அவருக்கு வார ஓய்வு நாள்.

"வாங்கய்யா. பஸ்ஸுல எடம் கெடச்சுச்சா? மொதல்ல இட்லி சாப்பிடுவோம், பொறவு பொரட்சி."

ஆர்ப்பாட்டம் பகல் பன்னிரண்டரைக்கு என்று அழைப்பிதழில் கண்டு வியந்திருந்தேன். உச்சி வெயிலில் யார் கூடுவார்? அதைக் கேட்டேன். அது உணவு இடைவேளை என்றார். தொன்றுதொட்ட வழக்கமாம். அந்த ஒரு மணி நேரத்தில்தான் கூடுவார்கள், முழங்குவார்கள், கலைவார்கள்.

"வேலை ஒரு நிமிசம் நிக்காதுங்கய்யா. சோறு மட்டுந்தான் நிக்கும்."

காலை 9.40. இரண்டாவது குவளைத் தேநீர் பாதியில் இருக்கையில் அவருடைய கைப்பேசி ஒலித்தது. பேசப் பேச அவர் முகம் இறுகியது. அழைத்தவர் ஆரோக்கியசாமி. ஆவூரைச் சேர்ந்த முன்னாள் படைவீரர். நமணசமுத்திரத்துக்கும் திருமயத்துக்கும் இடையே ஊர்ச்சாலை ஒன்று இருப்புப்பாதையைக் குறுக்கிடும் கடவுப்பாதையில், மக்கள் வழக்கில் 'கேட்' எனப்படும் இடத்தில், காவலர். துறையின் பணியாளர் அல்லர். ஒப்பந்ததாரர் ஒருவரின் ஆள். அன்றைய கூட்டத்தில் முதன்மையாகப் பேச வேண்டியவர் அவர்தான்.

முந்தைய இரவு எட்டு மணிக்குக் காவலேற்றவரை, காலை எட்டு மணிக்கு விடுவிக்க வேண்டிய ஆள் வரவில்லை. ஒப்பந்ததாரர் அந்த ஆளை வேறொரு கடவுப்பாதைக்கு மாற்றி அனுப்பிவிட்டாராம். மாற்றாள் வராமல் காவலர் இடத்தைவிட்டு அகல முடியாது.

வெள்ளைச்சாமி முதலில் நிலைய அதிகாரியின் அறைக்குள் சென்று, அந்தக் கடவுப்பாதையில் ஒருவர் பதினான்காவது மணி நேரமாக நிற்கிறார் என்று தெரிவித்து வந்தார். துறையின் நிரந்தரப் பணியாளர் ஒருவரை அனுப்புவதாகவும், ஆனால் அவர் வந்துசேரப் பகல் ஒரு மணி ஆகிவிடும் என்றும் விடை கிடைத்ததாம்.

"அவர் இல்லாமல் நடத்த இயலாதா?" என்றேன்.

"நடத்தலாங்க. தனியார்மயம் வேணாம்னு நாங்க விடிய விடியப் பேசுவோம். ஆனா அதுக்குள்ள நின்னு வேலை பாக்குறவரு அவருதான். இந்த மாசக் கடைசியோட அவரு கான்ட்ராக்ட் முடியுது. பேசுனா புதுப்பிக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சேதான் வாரேன்னாரு. அவரால இங்கிட்டு வர முடியலைன்னா, நாம அங்கிட்டுப் போவோம்."

அடுத்த ஒன்றரை மணி நேரம் அவர் கைப்பேசி ஓயவில்லை. மேடை இல்லை, ஒலிபெருக்கி இல்லை. கூட்டமே இடம் பெயர்ந்தது.

பகல் 12.05. இரண்டு தானிகளில் பதினான்கு கிலோமீட்டர். தானிக்கு முந்நூறு ரூபாய். பின்னிருக்கையில் என் முழங்கால்மேல் நீண்ட காகிதப் பொதி ஒன்று கிடந்தது. உள்ளே செங்கொடிகள், கம்போடு சுருட்டி நூலால் கட்டப்பட்டிருந்தன.

அந்த இடத்தைச் சொல்ல வேண்டும். வடக்கிலிருந்து தெற்கே, கண்ணுக்கு எட்டிய மட்டும் வளையாது ஓடும் இரு தண்டவாளங்கள். தெற்கே கானலில் மிதப்பதுபோல் திருமயம் கோட்டைக் குன்று. அந்தக் குன்றைக் குடைந்தவர்களின் உளித்திறம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அதற்கு வரும் இருப்புப்பாதையை நாள்தோறும் நடந்து காப்பவர்கள் உண்டு என்பது அன்றுவரை என் எண்ணத்தில் தோன்றியதில்லை.

கடவுப்பாதையின் ஓரம் ஒரு சிற்றறை. அதன் வாயிலில் நெடிய உருவினர் ஒருவர் நின்றார். நரைத்த மீசை, சிவந்த விழிகள், கசங்காத மேலாடை. ஆரோக்கியசாமி எங்களைப் பார்த்துத் தலையசைத்தார், நகரவில்லை.

வெள்ளைச்சாமி அழைத்து வந்தவர்களைக் கடவுப்பாதையின் அருகில் நிறுத்தாமல், இருநூறு அடி தள்ளிச் சாலையோர வேம்பின் பின்புறம் நிறுத்தினார். நிழலுக்காக என்றே எண்ணினேன். சங்க வழக்கப்படி எனக்கு ஒரு சிவப்புத் துண்டு அணிவித்தார்கள். கைதட்டல் அடங்குமுன் சிற்றறைக்குள் தொலைபேசி மணி அடித்தது. வண்டி வருகிறது. அருகிருந்து காணும் ஆவலில் நான் கடவுப்பாதை நோக்கி விரைந்தேன்.

ஆரோக்கியசாமி தொலைபேசியில் "கேட் மூடியாச்சு சார், பூட்டியாச்சு. நம்பர் நாப்பத்தேழு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். அவரும் நிலைய அதிகாரியும் ஒவ்வொரு வண்டிக்கும் இப்படி ஓர் எண்ணைச் சொல்லி உறுதி செய்துகொள்வது முறை. வலக்கையில் பச்சைக்கொடி, இடக்கையில் சுருட்டிய சிவப்பு. என்னைக் கண்டதும் குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"ஐயா, அந்தத் துண்டை எடுத்து மடிச்சு வச்சுக்குங்க. டிரைவருக்குச் செவப்புன்னா செவப்புதான். வண்டியை நிறுத்திருவாரு."

நாணத்தோடு துண்டை மடித்துப் பைக்குள் திணித்தேன். வண்டி இடியென வந்து கடந்தது. ஒவ்வொரு பெட்டியின் அடிப்பகுதியையும் அவர் விழிகள் தொடர்ந்தன. தொங்குவது, புகைவது, உராய்வது ஏதும் உண்டா என்று பார்ப்பது அவர் கடமை. கடைசிப் பெட்டியின் காவலர் பச்சை காட்ட, இவரும் காட்டினார். பிறகே மூச்சு விட்டார்.

கொடிகள் சுருட்டப்பட்டிருந்ததன் பொருள் அப்போதுதான் எனக்கு விளங்கியது. போராடுவோரின் கொடியும் ஆபத்தின் கொடியும் ஒரே நிறம். ஆகவே இருப்புப்பாதை கண்ணில்படும் இடத்தில், வண்டி வரும் நேரத்தில், இவர்கள் தங்கள் கொடியை விரிப்பதில்லை.

பகல் 12.35. அண்மையில் பாதைப் பராமரிப்பில் இருந்தவர்கள் வந்துசேர்ந்தார்கள். திறவாத உணவுத் தூக்குகளை வேம்பின் அடியில் வரிசையாக வைத்தார்கள். ஏறத்தாழ நாற்பது பேர் இருப்பார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே 'மொபெட்' வண்டியில் இளைஞர் ஒருவர் வந்தார். ஒப்பந்ததாரரின் மேற்பார்வையாளர். இறங்கியதும் கைப்பேசியைத் தூக்கிப் படம்பிடிக்கத் தொடங்கினார். அவர் தேடியது ஒரே காட்சி: பணி நேரத்தில் ஆரோக்கியசாமி கூட்டத்தில் நிற்பது.

பாதைப் பணியாளர் பஞ்சவர்ணம் அவர்முன் போய் நின்றார். "தம்பி, என்னைய நல்லா எடுங்க. போன ஆர்ப்பாட்டத்துல எடுத்ததுல கண்ண மூடிட்டேன்."

"ஒங்களை எடுக்க வரலைக்கா. தள்ளுங்க."

"பொண்ணு பாக்க வந்த மாதிரில்ல ஒரே ஆளத் தேடுறாரு" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு எழுந்தது. மேற்பார்வையாளரும் சிரித்துவிட்டு உடனே அடக்கிக்கொண்டார்.

ஆனால் ஆரோக்கியசாமி சிற்றறையைவிட்டு ஓரடியும் வரவில்லை. கொடிகள் விரிந்து முழக்கங்கள் எழுந்தன, அவர் உதடு அசையவில்லை. எட்டு மணி நேர வேலையைப் பற்றி வெள்ளைச்சாமி பேசினார். அவர் பார்வை இருப்புப்பாதையின் மேலேயே இருந்தது. இடைவேளை கரைந்துகொண்டிருந்தது.

வெள்ளைச்சாமி என் அருகில் வந்தார். "ஐயா, ஒங்க பேச்சை இன்னொரு நாளைக்கு வச்சுக்குவோமா? இருக்குற நேரம் அவருக்குத்தான் பத்தும்."

எட்டுத் தாள்களும் பையிலேயே இருந்தன. எனக்கு அது ஆறுதலாகவே இருந்தது.

பகல் 1.02. நிரந்தரப் பணியாளர் வந்துசேர்ந்தார். இடைவேளை முடிய இருபத்தெட்டு நிமிடங்கள். ஆரோக்கியசாமி ஓடி வந்து பேசத் தொடங்குவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ ஒப்படைப்பைத் தொடங்கினார். கொடிகள், கைவிளக்குகள், சங்கிலி, பூட்டு, ஆபத்துக் காலத்தில் ஓட்டுநரை எச்சரிக்கத் தண்டவாளத்தில் வைக்கும் வெடிகள் என ஒவ்வொன்றையும் எடுத்துக் காட்டி, பெயர் சொல்லி, பதிவேட்டில் குறித்து, கையொப்பமிட்டு, கையொப்பம் பெற்றார். ஏழு நிமிடங்கள் சென்றன. நாற்பது பேரில் ஒருவரும் "சீக்கிரம்" என்று சொல்லவில்லை. அந்த ஏழு நிமிட அமைதியைப் போன்றதை நான் கருவறை முன்னும் கண்டதில்லை.

பிறகு பணிமேலாடையைக் கழற்றி மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேம்பின் அடிக்கு வந்தார். நேரே மேற்பார்வையாளரின் கைப்பேசிக்கு முன் நின்றார்.

"மொகம் தெரியுதா தம்பி? சரி." கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "எம் பேரு ஆரோக்கியசாமி. ஆவூரு. நேத்து ராத்திரி எட்டு மணிக்கு இந்த கேட்டுக்கு வந்தேன். இப்ப பகல் ஒண்ணேகால் ஆகப்போகுது. பட்டாளத்துல இதைவிட அதிகமா முழிச்சிருக்கேன். அங்க பக்கத்துல இன்னொருத்தன் முழிச்சிருப்பான். இங்க நான் ஒருத்தன்தான். காலைல ஒம்பது மணி வண்டிக்கு நின்னுக்கிட்டே கண்ணு சொருகிருச்சு. முழிச்சுப் பாத்தா கேட் மூடித்தான் இருந்துச்சு. அந்தப் பக்கம் ஸ்கூல் வேன் நிக்கிது. ஆனா கேட்டை நான் மூடுனது எனக்கு ஞாபகம் இல்லை. இதைச் சொல்ல வெக்கமா இருக்கு. சொல்லாம இருக்கப் பயமா இருக்கு."

தன் பணியில் தானே கண்ட பழுதை, தன் வேலையைப் பறிக்கக்கூடிய கருவியின்முன், ஒருவர் தாமாகவே எடுத்து வைத்துவிட்டார்.

அவ்வேளை சிற்றறையில் மணி அடித்தது. யாரும் ஆணையிடவில்லை. விரிந்திருந்த பத்துப் பதினைந்து செங்கொடிகளும் ஒரே அசைவில் சுருண்டு மார்போடு அணைந்தன. சரக்கு வண்டி ஒன்று தெற்கிலிருந்து வந்தது. பணியில் இல்லாத ஆரோக்கியசாமி பேச்சை நிறுத்தி, திரும்பி நின்று, கடைசிப் பெட்டிவரை ஒவ்வொரு சக்கரத்தையும் பார்த்தார். அவரோடு நாற்பது பேரும் பார்த்தார்கள். வண்டி கடந்ததும் கொடிகள் மறுபடி விரிந்தன.

"அவ்வளவுதான். எட்டு மணி நேரம் குடுங்க. நேரத்துக்கு ஆளை அனுப்புங்க. சம்பளத்தைப் பத்தி நான் பேச வரலை."

மேற்பார்வையாளர் கைப்பேசியைத் தாழ்த்தினார். "அண்ணே, இதை மேல அனுப்புனா ஒங்களுக்கு வேலை இருக்காதுண்ணே."

"அனுப்புங்க தம்பி. ஆனா முழுசா அனுப்புங்க. பாதியில வெட்டிராதீங்க."

பகல் 1.27க்குத் தூக்குகளைத் திறவாமலே எடுத்துக்கொண்டு பாதைப் பணியாளர்கள் புறப்பட்டார்கள்.

பிற்பகல் 2.40. நெடுஞ்சாலையில் புதுக்கோட்டைப் பேருந்தைப் பிடித்தோம். கட்டணம் பதினைந்து ரூபாய். ஆரோக்கியசாமி அமர்ந்ததும் உறங்கிவிட்டார். தலை என் தோளில் சாய்ந்தது. நானும் அசையாதிருந்தேன்.

பிற்பகல் 3.20. புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் இறங்கியபோது அவர் கைப்பேசியில் செய்தி வந்திருந்தது. படித்துவிட்டு வெள்ளைச்சாமியிடம் நீட்டினார். இன்றிரவு முதல் பணிக்கு வர வேண்டாம் என்று ஒற்றை வரி.

"நாளைக்கே மேலிடத்துல மனுக் குடுக்குறோம். இதை விடப் போறதில்லை" என்றார் வெள்ளைச்சாமி.

ஆரோக்கியசாமி கை நீட்டினார். கைப்பேசியை வாங்கித் தொடர்வண்டி நிலையத்துக்கு அழைத்தார்.

"சார், ஆரோக்கியசாமி பேசுறேன். இன்னைக்கு ராத்திரி எட்டு மணிக்கு நான் வரமாட்டேன், வர வேணாம்னுட்டாங்க. அங்க ஆள் போட்டாச்சா? போடுறோம்னா பத்தாது சார், பேரு சொல்லுங்க… சரி. அவரு பகல்ல தூங்கிருக்காரான்னு கேட்டுக்குங்க."

பிறகு ஆவூர்ப் பேருந்து நிற்கும் பக்கம் நடந்தார். ஏறுமுன் திரும்பி எனக்குக் கைகூப்பினார்.

மாலை 6.00. தஞ்சையில் எங்கள் வீட்டுக்குச் செல்லும் வழியில் ஒரு கடவுப்பாதை உண்டு. அது மூடியிருக்கும் போதெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே நிற்பது முப்பத்தோராண்டு கால வழக்கம் எனக்கு. அன்றும் மூடியிருந்தது. இருபுறமும் ஊர்திகள் பொறுமையிழந்து ஒலியெழுப்பின. பேருந்தின் காற்றுக்கு அஞ்சிக் கழுத்தில் சுற்றியிருந்த சிவப்புத் துண்டு நினைவுக்கு வந்தது. நான் நின்ற இடம் ஓட்டுநரின் கண்ணில் படாது. ஆயினும் எடுத்து மடித்தேன்.

வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. சிற்றறை வாயிலில் பச்சைக்கொடியோடு ஒருவர் நின்றார். வண்டி போனது. ஊர்திகள் எல்லாம் நகர்ந்தபின், நான் அவரிடம் சென்று எத்தனை மணிக்குப் பணிக்கு வந்தீர்கள் என்று கேட்டேன்.